ஆம்பஷூர்: உதட்டுவாகு

ஃபுளூட் பழகத் தொடங்குபவர் முதல் வாரம் விரல்களை நினைத்துத்தான் கவலைப்படுவார். சிக்கல் உதட்டில் என்பது அப்புறம்தான் புரியும். நேற்று கணீரென்று வந்த ஸ்வரம் இன்று ‘உஸ்’ என்று வெறுங்காற்றாகப் போகும். விரல் வைத்த இடம் அதேதான். ஆசிரியர் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: ஆம்பஷூர் சரியில்லை. உதட்டை வைத்து ஊதும் விதம் சரியில்லை என்று அர்த்தம்.

ஆம்பஷூர் என்பது பிரெஞ்சுச் சொல். உள்ளே இருக்கும் ‘பூஷ்’ என்றால் வாய். அதற்கும் முந்தைய லத்தீன் வேர் ‘புக்கா’, பொருள் கன்னம். கன்னத்தை உப்பாதே என்று தினமும் திட்டு வாங்குகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தையும் பிரெஞ்சில் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் இதைக் கடன் வாங்கியது. ஜெர்மன்காரர்கள் ‘அன்ஸாட்ஸ்’ என்பார்கள். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்குக் குழல் கற்பித்த குவான்ட்ஸ், 1752இல் வெளியிட்ட நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்.

குழப்பம் என்னவென்றால், ஊதும் துளையையும் உதட்டை வைக்கும் விதத்தையும் இந்த ஒரே சொல் சுட்டுகிறது. தமிழில் இரண்டையும் பிரித்துவிடுவது நல்லது.

துளைக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், இருபது விரல் நீளக் குழலுக்குக் கணக்குச் சொல்கிறார்: தூம்பு முகத்தில் (ஊதும் பக்கத்து முனையில்) இரண்டு விரல் தள்ளி முதல்வாய், அதிலிருந்து ஏழு விரல் விட்டு, கடைசியில் இரண்டு விரல் ஒதுக்கி, நடுவிலுள்ள ஒன்பது விரலில் எட்டுத் துளை. முதல்வாய்! இதைவிடப் பொருத்தமாக யாரும் புதிதாக ஆக்கிவிட முடியாது.

உதட்டின் பக்கம்தான் சொல் வேண்டும். ‘வாயமைப்பு’ என்று எழுதலாம். எனக்கென்னவோ பல் மருத்துவர் ஞாபகம் வருகிறது. தவிர, அமைப்பு என்றால் பிறவியில் வந்தது போல் ஒலிக்கிறது. ஆம்பஷூரோ பழகிப் படிவது. உதடுகளுக்கு நடுவே சின்னக் கீற்றாகத் திறந்து, காற்றை மெல்லிய நாடாவாக்கி, முதல்வாயின் எதிர்விளிம்பில் மோதவிட வேண்டும். அந்த நாடா விளிம்புக்கு உள்ளும் வெளியும் மாறி மாறி அசையும்போதுதான் குழலுக்குள் தூண்போல் நிற்கும் காற்று அதிர்கிறது. கீழுதடு துளையைக் கூடுதலாக மூடினால் சுருதி இறங்கும். கீற்றைக் குறுக்கி வேகம் கூட்டினால் அதே விரலிலேயே மேல் ஸ்தாயி பேசும். மேலுதட்டின் நடுவே சிறு முனை தொங்குபவர்களுக்குக் காற்று இரண்டாகப் பிரியும். அவர்கள் கொஞ்சம் ஓரமாக ஊதுவார்கள், அது தப்பே இல்லை.

ஆளுக்கு ஆள் மாறுவதும் கையோடு படிவதுமான ஒன்றைத் தமிழில் கைவாகு என்போம். அதே வழியில் இதை உதட்டுவாகு என்று சொல்லிவிடலாம். ‘இன்னும் உதட்டுவாகு வரவில்லை’ என்றால் யாருக்கும் உரை தேவைப்படாது.

சொல் சரியானால் பராமரிப்பும் புரியும். வாகு வராதபோது பலரும் குழலை உதட்டில் அழுத்துவார்கள், தாடையை இறுக்குவார்கள். ஒலி சற்றுத் தெளிவது போலிருக்கும். பின்னாலேயே உதடு மரத்து, தாடை மூட்டு வலிக்கும். புதிதாகப் பழகுபவருக்குத் தலை சுற்றினால் காரணம் பெரும்பாலும் காற்று வீணாவதுதான்: வேகவேகமாக மூச்சு வாங்கி ஊதுவதில் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. குழலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும். உதடு களைத்த பிறகு ஓய்வெடுப்பதைவிட, களைக்கும் முன்னே சில நிமிடம் நிறுத்துவது மேல்.

இதில் ‘ஆம்பஷூர் டிஸ்டோனியா’ மட்டும் வேறு ரகம். வருடக்கணக்காக வாசித்தவருக்கும் வரலாம். பேசும்போதும் சாப்பிடும்போதும் ஒன்றுமிராது; குழலை எடுத்ததும் உதடு நடுங்கும், இழுக்கும், காற்று கசியும். பெரும்பாலும் வலி இராது. அதனால்தான் பலரும் பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் மணிக்கணக்காக ஊதுகிறார்கள். இது மூளை தசைக்கு அனுப்பும் கட்டளையில் வரும் கோளாறு. பார்க்க வேண்டியது நரம்பியல் மருத்துவரை. வாகு வராதது வேறு, வந்த வாகு தப்புவது வேறு.