பாட்டி கையில் பச்சை, பேரன் கையில் டாட்டூ

குன்னூரில் வருடம் முழுக்க ஸ்வெட்டர் போடுகிறோம். யார் கையில் பச்சை இருக்கிறது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. தோல் டாக்டரான என்னிடம் வந்து கையை நீட்டும்போதுதான் தெரியும். இத்தனை வருடத்தில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். பச்சை குத்திய கையைக் காட்டக் கூச்சப்படுகிறவர் யார், ஸ்லீவை மடித்துவிட்டுக்கொண்டு வருகிறவர் யார் என்பதைப் பெரும்பாலும் அவர் பார்க்கும் வேலையும் குடியிருக்கும் வீடும்தான் தீர்மானிக்கின்றன.

எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, கை அரிப்புக்காக வந்தார். முன்கையில் கோலப் புள்ளிகளும் கணவர் பெயரும் இருந்தன. மருந்து எழுதி முடித்த பிறகு மெல்லக் கேட்டார்: "இதை எடுத்துடலாமா டாக்டரம்மா? பேத்திக்கு நிச்சயம் வெச்சிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க படிச்சவங்க." அதே வாரம் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு பையன், தோள் முதல் மணிக்கட்டு வரை பல ஆயிரம் ரூபாய்க்குப் போட்டுக்கொண்ட டாட்டூவில் சிறு ஒவ்வாமை என்று வந்தான். கூட வந்த அவன் அப்பா, "நல்ல ஆர்ட்டிஸ்ட் மேடம்" என்று பெருமையாகச் சொன்னார்.

தோலுக்கு இந்த இரண்டும் ஒன்றுதான். ஊசி மேல்தோலைத் தாண்டி உள்தோலில் மையை இறக்குகிறது. அந்நியப் பொருள் வந்துவிட்டது என்று நோய் எதிர்ப்பு அணுக்கள் ஓடிவந்து மையை விழுங்கி, கரைக்க முடியாமல் அங்கேயே வைத்துக்கொள்கின்றன. ஓர் அணு செத்தால் அடுத்தது வந்து அதை வாங்கிக்கொள்கிறது. பாட்டியின் மை பெரும்பாலும் விளக்குக் கரி. அகத்தி இலையும் மஞ்சளும் தடவிய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சுரண்டி எடுப்பார்கள். ஊர் ஊராக வந்த குறவர் பெண்கள் அதைத்தான் குத்தினார்கள். இந்த மலையிலேயே தோடர் பெண்கள் மார்பிலும் தோளிலும் புள்ளி வரிசைகளாகவும், படகர் பெண்கள் நெற்றியிலும் கையிலும் குத்திக்கொண்டதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய பதிவுகள் இருக்கின்றன. இவர்கள் யாரும் அதைக் கேவலமாக நினைத்துக் குத்திக்கொள்ளவில்லை.

கேவலம் என்பது பிறகு மேலே ஒட்டப்பட்டது. அதில் ஆட்சிக்கும் பங்குண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1797-ல் வங்காளத்தில், ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்துவதைச் சட்டமாக்கியது. 1849-ல்தான் அது நீக்கப்பட்டது. ஆனால் பின்னாளில் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு ஆன இளவரசர் 1862-ல் ஜெருசலேமில் கையில் சிலுவை குத்திக்கொண்டார். அவர் மகன் ஜார்ஜ் 1881-ல் ஜப்பானில் டிராகன் குத்திக்கொண்டார். கைதியின் நெற்றியில் தண்டனையாக இருந்தது அரண்மனையில் பயண நினைவாகிவிட்டது. நம் ஊரிலும் எம்.ஜி.ஆர் 1970-களில் கட்சிக் கொடியைக் கையில் குத்திக்கொள்ளச் சொன்னபோது தொண்டர்கள் சந்தோஷமாகக் குத்திக்கொண்டார்கள். எதிர்ப்பு வந்தது மூத்த தலைவர்கள் சிலரிடமிருந்து.

இன்றைக்கு இது வேலை வாய்ப்பில் வந்து இடிக்கிறது. சீசனில் ஓட்டல், ரிசார்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் கையை மூடச் சொல்கிறார்கள். ஆனால் அதே இடத்தில் தங்க வருகிறவர்களின் கழுத்து வரை இருக்கும் டாட்டூவை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இது எனக்குக் கோபம் தருகிற விஷயம். வேலை கொடுப்பவர்கள் இதைப் படித்தால், மணிக்கட்டில் அம்மா பெயர் குத்திய பெண் வரவேற்பறையில் உட்கார்ந்தால் எந்த விருந்தினருக்கு என்ன நஷ்டம் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

வெலிங்டன் ராணுவ மையத்தைப் பார்த்தே வளர்கிற பையன்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ராணுவத்தில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டும் நிரந்தரப் பச்சைக்கு அனுமதி. மரபாகப் பச்சை குத்தும் பழங்குடியினருக்கு விதிவிலக்கு உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்கை என்றால் இடது முன்கையின் உட்புறம்தான், ஏனென்றால் வலது கை சல்யூட் அடிக்கும் கை. ஆள் எடுப்பு அறிவிப்பைப் படித்த பிறகு குத்திக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த பிறகு வலது கையோடு என்னிடம் ஓடிவந்தால் ஒரு மாதத்தில் என்னால் எதுவும் செய்ய முடியாது.

ஏன் முடியாது? லேசர் மையைத் தூளாக மட்டுமே உடைக்கிறது. அந்தத் தூளை அப்புறப்படுத்துவது உடம்பின் வேலை. அதற்கு ஒவ்வொரு முறைக்கும் நடுவில் 6 முதல் 8 வாரம் விட வேண்டும். கருப்பு மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் நம் மாநிறத் தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது. பச்சை, நீலம், மஞ்சள் நிறங்கள் பிடிவாதமானவை. இங்கேதான் என் மனதை உறுத்தும் கணக்கு இருக்கிறது. கையால் குத்திய கரிப் பச்சை கொஞ்ச முறையிலேயே மங்கிவிடும். மெஷினில் போட்ட வண்ண டாட்டூவுக்கு அதைவிட அதிகம், சிலருக்குப் பத்து முறைக்கு மேலும் ஆகும். அதாவது சுலபமாகப் போகக்கூடியது ஏழையின் பச்சை. ஆனால் தழும்போடு என்னிடம் வருகிறவரும் அதே ஏழைதான். லேசருக்குக் கோயம்புத்தூர் வரை போக வேண்டும், ஒவ்வொரு முறையும் பணம் கட்ட வேண்டும், ஒரு நாள் கூலியும் போகும். அதனால் யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்துத் தடவிக்கொள்கிறார்கள்.

இரண்டும் தனித்தனியாகச் சமையலறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் இருப்பவைதானே என்று நினைக்காதீர்கள். தண்ணீரோடு சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகிறது. அமிலம் பட்டால் உடனே எரிச்சலில் கையை உதறுவோம். இந்தக் காரமோ சத்தமில்லாமல் கொழுப்பையும் சதையையும் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். புண் ஆற வாரக்கணக்காகும். ஆறிய இடம் தடித்து, புண்ணைத் தாண்டியும் பரவும் தழும்பாக, அதாவது கீலாய்டாக, வளர்வதும் உண்டு. மெலிதாக இருந்த ஒரு பெயர் போய், முழுக்கைச் சட்டையில்கூட உரசி அரிக்கும் தழும்பு வந்து நிற்கும். கடையில் விற்கும் டாட்டூ நீக்கும் கிரீம்களும் வேண்டாம், உள்தோலில் இருக்கும் மையை அவை எட்டாது.

புதிதாகக் குத்திக்கொள்கிறவர்களுக்குச் சுருக்கமாக: திருவிழாவானாலும் சரி, ஏ.சி. ஸ்டுடியோவானாலும் சரி, ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், மையைத் தனிக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். பழைய ஊசியில் மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்களும் எச்.ஐ.வி.யும் வரலாம். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். குத்திய பிறகு 12 மாதம் ரத்த தானம் செய்யக் கூடாது.

அந்த அம்மாவிடம், மருத்துவ ரீதியாக எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, எடுத்தே ஆக வேண்டுமென்றால் லேசர் மட்டும்தான், நிச்சயத்துக்குள் முடியாது என்று சொன்னேன். பேத்தியையும் அழைத்துவரச் சொல்லிப் பேசினேன். சம்பந்தி வீட்டில் ஒருவர் முகம் சுளித்தால் அதற்குப் பாட்டி தோலை எரித்துக்கொள்ள வேண்டுமா என்று அந்தப் பெண்ணே கேட்டுவிட்டாள்.

யாராவது ஏற்கெனவே சுண்ணாம்புக் கலவை தடவியிருந்தால்: காய்ந்த தூளை முதலில் தட்டிவிடுங்கள். பிறகு ஓடும் தண்ணீரில் குறைந்தது அரை மணி நேரம் கழுவுங்கள். நம் ஊர்க் குளிருக்குப் பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் போதும். எலுமிச்சை, வினிகர், பேஸ்ட் எதுவும் வைக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். என்ன தடவினீர்கள் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள், சிகிச்சை அதை வைத்துத்தான் தொடங்கும்.