டிரான்ஸ்மிட்டர்: சிலிண்டருக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு 'பரப்பி'

ஸ்கூபா முக்குளிப்பில் 'டிரான்ஸ்மிட்டர்' என்றால் கட்டைவிரலைவிடச் சற்றுப் பருத்த ஒரு சிறு கருவி. சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தக்க அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில், அதாவது சிலிண்டர் வால்வோடு சேரும் உலோகப் பகுதியில், திருகி மாட்டுவார்கள். சிலிண்டருக்குள் இன்னும் எத்தனை பார் (அழுத்தத்தின் அலகு) காற்று மிச்சம் என்பதை அளந்து, சில விநாடிகளுக்கு ஒருமுறை மணிக்கட்டில் கட்டிய, ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. விற்பனைப் பட்டியல்களில் முழுப்பெயர் 'வயர்லெஸ் டேங்க் பிரஷர் டிரான்ஸ்மிட்டர்'. அகராதியைத் திறந்து வரிசையாகச் சொல்லுக்குச் சொல் போட்டால் 'கம்பியில்லாத் தொட்டி அழுத்தம் செலுத்தி' என்று வரும். இதில் 'அழுத்தம்' ஒன்றுதான் தேறும். மற்ற மூன்றும் வேறு எங்கோ இட்டுச் செல்கின்றன.

தலைச்சொல்லிலிருந்து தொடங்கலாம். லத்தீனில் 'டிரான்ஸ்' என்பது அப்பால். 'மித்தெரே' என்பது அனுப்புதல். மிஷன், மிசைல், கமிஷன், மெசேஜ் எல்லாம் இந்த 'மித்தெரே' வயிற்றுப் பிள்ளைகள்தான். தந்தியும் தொலைபேசியும் வந்த காலத்தில் டிரான்ஸ்மிட்டர் என்ற பெயர் கருவிக்கு ஏறியது. எடிசன் 1877இல் உருவாக்கிய தொலைபேசி டிரான்ஸ்மிட்டரின் உயிர் ஒரு கரி வில்லை. பேசுபவரின் குரல் அதை அழுத்தும். அழுத்தம் ஏறி இறங்க, கரியின் மின்தடையும் மாறும். அந்த மாற்றமே கம்பியில் பயணம் போகும். இன்று சிலிண்டரில் மாட்டும் கருவிக்குள் இருக்கும் உணரியும் பெரும்பாலும் அழுத்தத்துக்கேற்ப மின்தடை மாறும் ஒரு சில்லுதான். நூற்றைம்பது ஆண்டுகளாகப் பெயரும் மாறவில்லை, அடிப்படையும் பெரிதாக மாறவில்லை.

ரசாயன ஆலையிலோ அனல்மின் நிலையத்திலோ வேலை பார்ப்பவரிடம் 'பிரஷர் டிரான்ஸ்மிட்டர்' என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு அது குழாயில் பொருத்தி, அழுத்தத்தை 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக்கிக் கட்டுப்பாட்டு அறைக்குக் கம்பி வழியே அனுப்பும் கருவி. ஆக, சொல்லுக்குள் வானலை என்ற பொருள் இயல்பாக இல்லை. வானொலி வந்துதான் அதைச் சேர்த்தது. தமிழில் நாம் ஒலிபரப்பு வழியாகவே இந்தச் சொல்லைச் சந்தித்ததால், தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் பாடநூலில் டிரான்ஸ்மிட்டர் 'பரப்பி' ஆனது. ரிசீவர் 'ஏற்பி' ஆனது.

'செலுத்தி' என்ற மாற்றும் புழக்கத்தில் உண்டு. தனியாக நின்றால் குறையில்லை. 'அழுத்தம்' பக்கத்தில் வந்து நின்றால்தான் வம்பு. 'அழுத்தம் செலுத்துதல்' என்பது நம் மொழியில் ஏற்கெனவே ஊன்றிவிட்ட தொடர். 'அழுத்தம் செலுத்தி' என்று படிப்பவர், யாரோ எதையோ அமுக்குகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார். 'அழுத்தச் செலுத்தி' என்று சந்தி போட்டாலும் பம்பு என்ற எண்ணமே எழும். கருவியோ எதையும் அமுக்குவதில்லை, அமுங்கியிருப்பதை அறிவிக்கிறது. 'அழுத்தஞ்சொல்லி' என்று வைத்தால் என்ன என்று எனக்கு ஒரு சபலம் உண்டு. கதைசொல்லி, குறிசொல்லி வரிசையில் அழகாகத்தான் உட்காரும். ஆனால் கோள்சொல்லியும் அந்த வரிசையில் இருக்கிறதே.

'அழுத்தப் பரப்பி' என்பதே சரி என்று நினைக்கிறேன். பாடநூல் வழக்கு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பெரும்பாலான மாடல்கள் உண்மையிலேயே பரப்பத்தான் செய்கின்றன. ஷியர்வாட்டர் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களோடு வரும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பரப்பியின் உடலிலும் ஆறு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். கம்ப்யூட்டரின் மெனுவில் டி1 என்ற இடத்தில் அந்த எண்ணைத் தட்டிவிட்டால், அந்த எண்ணோடு வரும் செய்தியை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். பரப்பிக்கு இது எதுவும் தெரியாது. திருவிழா ஒலிபெருக்கிபோல அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஒரு பயிற்றுநர் தன் கம்ப்யூட்டரில் மாணவரின் எண்ணையும் டி2 ஆகப் பதிந்துகொண்டு, மாணவரிடம் கேட்காமலே அவருடைய காற்றைப் பார்க்க முடிகிறது. இந்தப் பதிவை எல்லோரும் 'பேரிங்' என்கிறார்கள். ப்ளூடூத்தில் இரண்டு கருவியும் ஒன்றையொன்று ஒப்புக்கொள்வதுபோல இங்கே எதுவும் நடப்பதில்லை. இந்த வகைக்கு 'எண் பதிதல்' என்றாலே போதும்.

பரப்பி என்பதில் இன்னொரு சுகமும் இருக்கிறது. பரவு, பரப்பு என்று விரியும் அதே வேரிலிருந்துதான் கடலுக்குப் 'பரவை' என்ற பழம்பெயரும் வருகிறது. கடலில் மாட்டும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கேட்பது?

அடுத்தது 'வயர்லெஸ்'. இங்கே கம்பி எப்போது இருந்தது, இல்லாமல் போவதற்கு? பரப்பி வருவதற்கு முன், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் அதே துளையிலிருந்து தடித்த ரப்பர் ஹோஸ் ஒன்று இடுப்புப் பக்கம் இறங்கும். அதன் முனையில் முள் வைத்த அழுத்தமானி தொங்கும். 1990களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் உவாடெக் நிறுவனம் அலாதீன் வரிசையில் ஒரு பரப்பியைக் கொண்டுவந்தபோது காணாமல் போனது இந்த ஹோஸ்தான். ஆங்கிலத்திலேயே விவரமானவர்கள் 'ஹோஸ்லெஸ்' என்பார்கள். காற்றழுத்தத்தைத் திரையிலேயே காட்டும், ஆனால் ஹோஸ் முனையில் தொங்கும் கம்ப்யூட்டர்களும் உண்டு என்பதால் இந்த வேறுபாடு கடையில் வாங்கும்போது உதவும். தமிழில் 'குழாயில்லா' என்பதே பொருளோடு ஒட்டும். 'கம்பியில்லா' என்று எழுதினால் குற்றமில்லை, ஆனால் அது அலையைச் சொல்கிறதே தவிர, முக்குளிப்பவருக்கு என்ன மாறியது என்பதைச் சொல்வதில்லை.

அந்த அலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் கருவியை எங்கே மாட்டுவது என்பது புரியும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே வானலையை விழுங்கும். அதிர்வெண் கூடக்கூட விழுங்குவதும் கூடும். ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் பல பரப்பிகள் 38 கிலோஹெர்ட்ஸ் போன்ற மிகத் தாழ்ந்த அலைகளுக்கு இறங்கி வந்திருக்கின்றன. அங்கேயும் கடல்நீரில் ஏறக்குறைய ஒவ்வொரு 1.3 மீட்டருக்கும் அலையின் வலிமை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடும். இந்தக் கணக்குக்கு நம் ஊரிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐஎன்எஸ் கட்டபொம்மன், நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம். 18.2 கிலோஹெர்ட்ஸ் போன்ற அலைகளை அது பயன்படுத்துகிறது. வானுயரக் கோபுரங்கள், பிரம்மாண்டமான மின்திறன். அப்படியும் செய்தி கடலின் மேல்பகுதியைத் தாண்டி ஆழத்துக்குப் போவதில்லை. சிறு பேட்டரியில் ஓடும் நம் பரப்பி ஒரு மீட்டர் சொச்சத்துக்குக் கேட்டாலே பெரிய விஷயம்.

ஆகவே பொருத்தும்போது முதல் கேள்வி, கம்ப்யூட்டரை எந்தக் கையில் கட்டுகிறீர்கள் என்பது. இடக்கை என்றால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் இடப்புறத்து ஹெச்பி துளைக்கே பரப்பி போக வேண்டும். ஹெச்பி என்பது சிலிண்டரின் முழு அழுத்தமும் வரும் துளை. பக்கத்திலேயே இருக்கும் எல்பி துளைகளில் வருவது குறைக்கப்பட்ட அழுத்தம். இன்றைய ரெகுலேட்டர்களில் ஹெச்பி மரை 7/16 அங்குலம், எல்பி 3/8 அங்குலம் என்பதால் மாற்றி மாட்டுவது கடினம். ரெகுலேட்டரில் காற்று இல்லாமல் வடித்துவிட்டு, ஆலன் சாவியால் துளையின் மூடியைக் கழற்றி, பரப்பியின் அடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் மணலோ கீறலோ இல்லை என்று பார்த்து, கையாலேயே திருக வேண்டும். கடைசி இறுக்கத்துக்கு ஸ்பேனர் தேவைப்படும் மாடல்களில் அடியிலிருக்கும் உலோக முகத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் உடலைப் பிடித்து முறுக்கினால் உள்ளே இருப்பது போய்விடும். பரப்பியின் அடித்துளை ஊசிமுனை அளவே இருக்கும். உடல் உடைந்தாலும் காற்று ஒரேயடியாகக் கொட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படி.

பிறகு வால்வை மெல்லத் திறக்க வேண்டும். அழுத்தம் ஏறினால்தான் பரப்பி விழிக்கும். அதற்கு ஆன்-ஆஃப் பொத்தான் கிடையாது. விழித்த சற்று நேரத்தில் திரையில் 200 பார் அளவில் எண் வந்துவிடும். எதுவும் வரவில்லை என்றால் பதிந்த எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருக்கலாம், அல்லது பேட்டரி. படகில் வேறொரு தொல்லை உண்டு. சிலிண்டரைத் தூக்கிக்கொடுக்கும் ஆள், வாகாக நீட்டிக்கொண்டிருக்கும் பரப்பியைக் கைப்பிடி என்று நினைத்துவிடுவார். இதற்காகவே சிலர் 15 சென்டிமீட்டர் குட்டி ஹோஸ் ஒன்றில் பரப்பியை மாட்டி, பக்கவாட்டில் படுக்கவைத்துவிடுகிறார்கள். குழாயில்லாக் கருவிக்குக் குழாய்! தண்ணீருக்குள் கேமரா ஃபிளாஷும், முக்குளிப்பவரை இழுத்துச் செல்லும் ஸ்கூட்டரின் மோட்டாரும் அலையைக் கலைக்கும், திரையில் எண் சில விநாடி மறையும். ஒரே வகைப் பரப்பிகள் பல பக்கத்தில் இருந்தால் செய்திகள் மோதிக்கொள்வதும் உண்டு. ஸ்விஃப்ட் என்ற மாடல் பேசுவதற்கு முன் பக்கத்தில் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளும். கார்மின் நிறுவனமோ வானலையையே விட்டுவிட்டு ஒலியலைக்குப் போய்விட்டது. ஒலிக்கு உப்புநீர் தடையில்லை. விநாடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் ஓடும்.

'டேங்க்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலச் சொல்லே இந்தியாவிலிருந்து, குஜராத்தியின் 'டாங்கி' போன்ற ஒரு சொல்லிலிருந்து, போனது என்று ஒரு கருத்து உண்டு. போர்த்துகீசிய 'தாங்க்'கும் அதில் கலந்திருக்கலாம் என்பார்கள். இலங்கைத் தமிழில் தண்ணீர்த் தொட்டிக்குத் 'தாங்கி' என்றே பெயர். நமக்குத் 'தொட்டி' என்றால் திறந்த வாயும் மாடியும்தான் நினைவுக்கு வரும். 'சிலிண்டர்' என்று எழுதுங்கள், தமிழே வேண்டுமென்றால் 'கலன்'. செய்திகளில் வரும் 'ஆக்ஸிஜன் சிலிண்டர்' மட்டும் வேண்டாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் வெறும் காற்று. தூய ஆக்ஸிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு.

கம்ப்யூட்டர் மெனுவில் இந்த வசதியின் பெயர் 'ஏஐ'. செயற்கை நுண்ணறிவு இல்லை, 'ஏர் இன்டகிரேஷன்'. 'காற்றளவு இணைப்பு' என்று சொல்லலாம். அதற்குள் இரண்டு எண்களை நாமே நிரப்ப வேண்டும். சிலிண்டரின் முழு அழுத்தம் ஒன்று, 'ரிசர்வ்' ஒன்று. 'கையிருப்பு' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கும்போது ரிசர்வுக்குப் புதிதாக எதுவும் தேவையில்லை. வழக்கமாக 50 பார் வைப்பார்கள்.

இந்தக் கையிருப்பை வைத்துக் கம்ப்யூட்டர் காட்டும் ஜிடிஆர் ('கேஸ் டைம் ரிமெய்னிங்') என்ற எண்ணைத்தான் 'மீதிக் காற்று நேரம்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ஷியர்வாட்டர் கணக்குப்படி அது கடைசி இரண்டு நிமிட மூச்சின் சராசரியைக் கொண்டு, இதே ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருந்துவிட்டு, நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் ஏறினால் மேலே வரும்போது கையிருப்பு குறையாமல் இருக்கும் என்று சொல்கிறது. அது பூஜ்யத்தைத் தொட்டால் காற்று தீர்ந்தது என்று பொருளில்லை. ஏறத் தொடங்க வேண்டிய நேரம் என்று பொருள். அதனால் நான் 'புறப்பட மீதி நேரம்' என்று எழுதுவேன்.