கிட்டில் விழும் கோடும் உடம்பில் இருக்கும் இரும்பும்

புரட்டாசி பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எத்தனையோ தமிழ் வீடுகளில் மட்டனும் மீனும் அடுப்பேறாது. மாதம் முடியும் தறுவாயில் எங்கள் மருந்துக்கடையில் ஒரு கேள்வி அடிக்கடி வரும்: "அக்கா, ஒரே அசதியா இருக்கு. வீட்டிலேயே அயர்ன் பார்க்கிற கிட் இருக்கா?"

இருக்கிறது, விற்கவும் செய்கிறேன். ஆனால் பையில் போட்டுக் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பேசிவிடுவேன்.

முதலில் விரதத்தின் மேல் பழி போட வேண்டாம். உடம்பு இரும்பைச் சேமித்து வைக்கும், அது ஒரே மாதத்தில் வற்றிவிடாது. புரட்டாசியில் தெரியவரும் குறை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். பெண்களிடம் பெரும்பாலும் அதிக மாதவிலக்கு, அடுத்தடுத்த பிரசவங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் கறுப்புத் தேநீரும் பருப்பு, கீரையில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். நம் சமூகத்தில் இது பழைய சிக்கல். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் இரும்புக் குறை அதிகம் என்பதால், இரும்பு கலந்த மசாலாத்தூளை இரண்டு ஆண்டுகள் குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1989-இல் வெளியானது. மற்ற எதை விட்டாலும் மசாலாவை விடமாட்டோம் என்று ஆராய்ச்சியாளர்களுக்கே தெரிந்திருக்கிறது! அந்த வீட்டுப் பெண்களிடம் இரத்தசோகை நன்றாகவே குறைந்தது.

இனி கிட். இது பார்ப்பது ஃபெரிட்டினை, அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதத்தை. ஹீமோகுளோபின் வேறு, அது இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அதனால் இரத்ததானம் செய்யப் போன இடத்தில் விரலில் குத்திப் பார்த்து "சரி" என்று சொன்னாலும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கலாம்.

நான் அதிகம் பார்க்கும் தவறு கோட்டைப் படிப்பதில்தான். கோவிட் கிட்டில் இரண்டு கோடு என்றால் பயந்து பழகிவிட்டோம். பெரும்பாலான ஃபெரிட்டின் கிட்டுகளில் அதற்கு நேர்மாறு: இரண்டு கோடு வந்தால் போதிய இருப்பு, ஒற்றைக் கோடு மட்டும் என்றால் குறை. தாளைப் படித்துவிட்டு விரலைக் குத்துங்கள். கையை வெந்நீரில் கழுவி நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். இரத்தம் வரவில்லையென்று பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும். சொன்ன நேரத்துக்குள் பாருங்கள், அரைமணி கழித்துத் தெரியும் மங்கலான கோட்டுக்கு மதிப்பில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்தும் ஏமாந்த ஒருவர் உண்டு. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண், சர்க்கரை நோயாளி. கிட்டில் இரண்டு கோடு வந்ததும் நிம்மதியாகிவிட்டார். ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கைப்பையில் பச்சரிசி வைத்து நாள் முழுக்க மெல்லுகிறார். பச்சரிசி, ஐஸ்கட்டி, மண், விபூதி இப்படி எதையாவது தின்னும் ஆசை இரும்புக் குறையின் பழைய அடையாளம். விசாரித்தால், போன வாரம்தான் கடுமையான ஃப்ளூ. ஃபெரிட்டினின் சிக்கலே அதுதான்: காய்ச்சல், மூட்டு அழற்சி, கொழுப்பு படிந்த ஈரல், உடற்பருமன் என்று எது இருந்தாலும் இரும்பு இல்லாமலேயே அளவு ஏறிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறை. தொற்றோ அழற்சியோ இருந்தால் 70-க்குக் கீழே இருந்தாலே குறை. கோடு போடும் கிட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. லேபில் அழற்சியைக் காட்டும் சிஆர்பியும், இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் சேர்த்துப் பார்த்தபோது அவருக்கு இரும்பு இல்லை என்று தெளிவாயிற்று. இன்னொன்று, இரும்பு குறைந்தால் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அவருடைய மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கையும் மருத்துவர் அந்தக் கண்ணோடு திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆண்கள், மாதவிலக்கு நின்ற பெண்கள் ஆகியோருக்குக் கிட்டில் குறை என்று வந்தால் மாத்திரையைக் கையில் எடுக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். இரும்பு எங்கே ஒழுகுகிறது என்றுதான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அறுபது தாண்டிய ஒரு தாத்தாவுக்குக் குறை என்று தெரிந்ததும் வீட்டார் ஈரல் கறியும் இரும்பு மாத்திரையுமாகக் கொடுத்திருக்கிறார்கள். மலம் கறுத்தது. மாத்திரை தின்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். மாத்திரைக்கு அது வழக்கம்தான். ஆனால் வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும். முழங்கால் வலிக்கு அவர் பல மாதமாக விழுங்கிய வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கியிருந்தது. இந்த வயதில் குடல் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இரும்புக் குறையாக இருக்கக்கூடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அசதியெல்லாம் இரும்புக் குறையுமல்ல. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் சுத்த சைவர்களுக்கும் வைட்டமின் பி12 குறையலாம். நம் குடும்பங்களில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகவே இருக்கும், இரும்போ சரியாக இருக்கும். அவர்கள் தேவையில்லாமல் இரும்பை விழுங்கிச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால், தேநீருக்கும் அதற்கும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். ரூயிபோஸ் என்ற தென்னாப்பிரிக்க மூலிகைத் தேநீரில், இரும்பைத் தடுக்கும் டானின் குறைவு, சாப்பாட்டோடு ஏதாவது குடித்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு அதைச் சொல்வேன். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் கேளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது பலருக்கு ஒத்துப்போகிறது. ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சேமிப்பு நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும், அடுத்த வாரமே இன்னொரு கிட் வாங்க வராதீர்கள்.

மறக்காமலிருக்க மாத்திரை டப்பாவைச் சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. அது பேரப்பிள்ளைகளின் கை எட்டும் இடம். மிட்டாய் போலிருக்கும் இந்த மாத்திரைகளைச் சின்னப் பிள்ளை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூடியை இறுக்கி மேல் அலமாரியில் வையுங்கள்.