பதிலைக் கேட்கப் பழகுங்கள்: ஜப்பான் பயணத்துக்கு மொழி கற்போர்க்கு

சென்னையில் ஜப்பானிய மொழி கற்பிக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் வேலைக்காக ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வு எழுதுபவர்கள். ஆனால் அண்மைக் காலமாக, மார்ச் இறுதியில் பூக்கும் சகுரா மலர்களைக் காண்பதற்காகப் பயணச்சீட்டு எடுத்துவிட்டு, புறப்பட இரண்டு மூன்று மாதங்கள் இருக்கும்போது வகுப்பைத் தேடி வருபவர்களும் கூடியிருக்கிறார்கள். இவர்களுக்குத் தேர்வுப் பாடம் அவ்வளவாகப் பயன்படாது. அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. இவர்கள் கைப்பேசியில் ஒரு பட்டியலை வைத்திருப்பார்கள். ரயில் நிலையம் எங்கே, இது என்ன விலை, கழிப்பறை எங்கே என்று முப்பது நாற்பது வாக்கியங்கள் அதில் இருக்கும். எல்லாமே இவர்கள் சொல்லப்போகும் வாக்கியங்கள். இவர்கள் காதில் விழப்போகும் வாக்கியம் ஒன்றுகூட அதில் இருப்பதில்லை.

அதன் விளைவை ஒரு மாணவி சொல்லித்தான் நான் உணர்ந்தேன். கியோத்தோவில் ஒரு முதியவரிடம், பேருந்து நிறுத்தம் எங்கே என்று நான் கற்பித்தபடியே பிழையின்றிக் கேட்டிருக்கிறார். இவர் மொழி அறிந்தவர் என்று எண்ணிய அந்த முதியவர், அன்போடு அரை நிமிடத்துக்கு மேல் விடாமல் வழி சொல்லியிருக்கிறார். மாணவிக்கு அதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. தலையசைத்து நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரைத் தேடிப் போயிருக்கிறார். கேள்வியைத் திருத்தமாகக் கேட்கக் கேட்க, வரும் பதிலும் விரைவாகவும் நீளமாகவும் வரும் என்பதை வகுப்பில் நான் சொல்லித் தந்திருக்க வேண்டும். சொல்லவில்லை.

அன்றிலிருந்து பயண வகுப்பைப் பதிலிலிருந்து தொடங்குகிறேன். வழி சொல்லும் எந்தப் பதிலிலும் திரும்பத் திரும்ப வருபவை சில சொற்களே: மிகி என்றால் வலம், ஹிதாரி இடம், மஸ்ஸுகு நேராக, ஷிங்கோ போக்குவரத்து விளக்கு, காதோ தெருமுனை. நீண்ட பேச்சின் நடுவே இவை மட்டும் காதில் தட்டுப்பட்டால் போதும். அடுத்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். "மிகி தெசு நே" என்றால் "வலப்பக்கம்தானே" என்று பொருள். அந்த ஈற்று "நே" நம் "தானே" செய்யும் வேலையை அப்படியே செய்கிறது. நீங்கள் இப்படித் துண்டு துண்டாக உறுதிசெய்யத் தொடங்கியதும், எதிரில் இருப்பவரும் தாமாகவே வேகத்தைக் குறைத்துத் துண்டு துண்டாகச் சொல்லத் தொடங்குவார்.

கடைகளிலும் இதே நிலைதான். உள்ளே நுழைந்ததும் "இரஷ்ஷைமசே" என்று வரவேற்பார்கள். அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பணம் செலுத்துமிடத்தில் வரும் கேள்விகள் ஏறக்குறைய நிலையானவை: பை வேண்டுமா, உணவைச் சூடாக்கித் தரவா, உண்ணும் குச்சி வேண்டுமா. நெகிழிப் பைக்குக் கட்டணம் வாங்க வேண்டும் என்பது 2020 ஜூலை முதல் விதியாகிவிட்டதால், பையைப் பற்றிய கேள்வி அநேகமாக எல்லாக் கடைகளிலும் வரும். "ஃபுகுரோ" என்று காதில் விழுந்தால் பை, "அதாதமே" என்று விழுந்தால் சூடாக்குவது. வேண்டாம் என்பதற்கு "தைஜோபு தெசு" என்றால் போதும். நேராகப் பொருள் கொண்டால் "பரவாயில்லை" என்றாகும் இச்சொல்லே அங்கே பணிவான மறுப்பும் ஆகிறது. விலைகளைப் பொறுத்தவரை, பத்தாயிரத்துக்கு "மன்" என்று தனிச்சொல் இருப்பதையும், பெரிய தொகைகளை அதன் மடங்குகளாகவே சொல்வார்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் பேசுபவர்களுக்கு இம்மொழியில் ஒரு வசதி உண்டு. வினை ஈற்றில் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டுகிறது. கேள்விக்கு நாம் ஈற்றில் "ஆ" சேர்ப்பதுபோல் அவர்கள் "கா" சேர்க்கிறார்கள். சுட்டுச் சொற்களில் இந்த ஒற்றுமை இன்னும் வியப்பூட்டும். கொரே, சொரே, அரே, தொரே என்பவற்றில் முதலாவது பேசுபவர் அருகில் உள்ளதையும், இரண்டாவது கேட்பவர் அருகில் உள்ளதையும், மூன்றாவது இருவருக்கும் தொலைவில் உள்ளதையும் சுட்ட, நான்காவது வினாவாகிறது. சென்னை மாணவர்கள் அந்த "சொரே" வரும்போது தடுமாறுவார்கள். ஒருமுறை யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர், "எங்கள் ஊரில் இது, உது, அது என்கிறோமே, அதுதானே" என்று ஒரே வரியில் வகுப்புக்கே விளக்கிவிட்டார். இத்தகைய ஒற்றுமைகளை வைத்து ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமற்போகட்டும். ஆங்கில வழியில் ஜப்பானியம் கற்பதைவிடத் தமிழ் வழியில் கற்பது நம்மவர்க்கு விரைவாக வருகிறது என்பது என் அனுபவம்.

ஆனால் தமிழெழுத்தில் எழுதிவைத்துக் கற்காதீர்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஜப்பானியத்தில் மேட்டுச் சரிவுக்கு ஒரு சொல், கியூஷுத் தீவில் உள்ள ஒரு மாகாணத்தின் பெயர் ஒரு சொல், எழுத்தாளருக்கு ஒரு சொல். மூன்றும் "ச" என்று தொடங்கிக் ககரத்தில் முடிபவை. மாகாணத்தின் பெயரில் ககரம் மெலிந்து ஒலிக்கும். எழுத்தாளரில் இரட்டித்து ஒலிக்கும். சரிவுக்கான சொல்லில் மெலியவும் கூடாது, இரட்டிக்கவும் கூடாது. "சக" என்று எழுதினால் நாம் மாகாணத்தைப் படிப்போம், "சக்க" என்று எழுதினால் எழுத்தாளரைப் படிப்போம். சரிவை எழுத நம்மிடம் வழியே இல்லை. ஹிரகானா என்னும் ஜப்பானிய ஒலியெழுத்து வரிசையிலோ அடிப்படை எழுத்துகள் 46தாம்; மெலிந்த ஒலிக்கு எழுத்தின் தலையில் இரு சிறு கோடுகள் சேரும், இரட்டிப்புக்குச் சிறிய "ட்சு" ஒன்று இடையில் வரும். நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் இரண்டு மூன்று வாரங்களில் படிக்க வந்துவிடும். இக்கட்டுரையில் நான் தமிழெழுத்தில் தரும் சொற்களையும் அடையாளத்துக்காக மட்டுமே கொள்ளுங்கள்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சைவ உணவினர் "நிக்கு சாப்பிட மாட்டேன்" என்ற ஒரு வாக்கியத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். நிக்கு என்பது இறைச்சி. மீன் அதில் அடங்காது. அது "சக்கனா" என்ற வேறு சொல். இரண்டையும் சொன்னாலும் போதாது, ஏனெனில் மிசோ என்னும் சோயா விழுதில் செய்யும் சூப்பு, உதோன் என்னும் தடித்த நூடுல்ஸின் குழம்பு, காய்கறிக் கூட்டு என எல்லாவற்றுக்கும் அடியில் "தாஷி" என்ற வடிநீர் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் கொம்பு என்னும் கடற்பாசியோடு, வேகவைத்துப் புகையூட்டிக் கட்டைபோல் உலர்த்திய சூரை மீனைச் சீவிப் போட்டு இறக்குகிறார்கள். நம் தென்கடற்கரையிலும் இலங்கையிலும் மாசி என்று வழங்குவதற்கு நெருங்கிய பண்டம் அது. சமைப்பவருக்கு அது மீனாகவே தோன்றுவதில்லை. நமக்குப் பெருங்காயம்போல் அவருக்கு அது ஒரு சுவைப்பொருள். என்னிடம் கற்றுச் சென்ற ஓய்வுபெற்ற தம்பதியர் மூன்று நாள் உதோனை மட்டுமே நம்பி உண்டு, பின்னர் உண்மை தெரிந்து வருந்தினார்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. இவர்கள் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். ஆகவே "தாஷியும் ஆகாது, கொம்பு தாஷி மட்டும் ஆகும்" என்பதை ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கோயாசான் மலையில் மடங்களிலேயே தங்கி உண்ணும் ஷோஜின் என்ற பௌத்தத் துறவியர் உணவில் மீனும் இறைச்சியும் இல்லை. மரபுப்படி வெங்காயமும் பூண்டும்கூட இல்லை.

கேட்கும் முறையிலும் ஒரு கவனம் தேவை. "இதில் மீன் சேரவில்லைதானே" என்று எதிர்மறையில் கேட்டால், அவர் "ஹை" என்பார். நாம் "ஆமாம், சேரவில்லை" என்பதைப் போன்ற ஆமாம் அது. ஆனால் பதற்றத்தில் ஆங்கில வழியில் சிந்திப்பவருக்கு அது "ஆமாம், இருக்கிறது" என்று படும். தவிர, "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கும் அவர்கள் ஹை என்றே சொல்வார்கள். எனவே எப்போதும் "மீன் இருக்கிறதா" என்று நேராகவே கேளுங்கள். ஹை என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல் வாக்கியத்தின் ஈற்றில் வரும் "மசு", "மசென்" இரண்டில் எது என்று கவனியுங்கள். முன்னது உண்டு, பின்னது இல்லை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது உயிரோடு தொடர்புடையது. சோபா என்னும் தானியமும் (ஆங்கிலத்தில் பக்வீட்) நிலக்கடலையும் சேர்ந்த பொதியுணவுகளில் அதை அச்சிட்டே ஆக வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். உணவகங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே வாயால்தான் கேட்டாக வேண்டும்.

மொழிபெயர்ப்புச் செயலிகளை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உணவுப்பட்டியலில் உள்ள, சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துகளைப் படிக்க அவை பெரிதும் உதவுகின்றன. ஆனால் கைப்பேசியை எடுத்துத் திறக்க நேரம் இல்லாத இரண்டு சூழ்நிலைகளுக்கு என் மாணவர்களைத் தனியே பயிற்றுவிக்கிறேன். ஒன்று 119. தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் அங்கே அதே எண் என்பதால், எடுத்தவுடன் எதிர்முனை கேட்கும் முதற்கேள்வி "காஜி தெசு கா, கியூகியூ தெசு கா" என்பது: தீ விபத்தா, மருத்துவ அவசரமா? "கியூகியூ" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். காவல்துறைக்கு எண் 110.

மற்றொன்று நிலநடுக்கம். 1995 ஜனவரியில் கோபே நகரைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தின்போது, அறிவிப்புகளின் கடினமான மொழி புரியாமல் வெளிநாட்டினர் பலர் அல்லலுற்றார்கள். அதற்குப் பிறகுதான், பேரிடர்க் காலத்தில் குறுகிய வாக்கியங்களில் எளிய சொற்களால் அறிவிக்கும் "எளிய ஜப்பானியம்" என்ற முயற்சி அங்கே உருவாயிற்று. 2024 ஜனவரி 1 அன்று மாலை நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிலம் நடுங்கியபோது, பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் திரையில் கன்ஜி எழுத்துகளைத் தவிர்த்து, ஹிரகானாவில் பெரிதாக "ட்சுனாமி! நிகெதே!" என்று எழுதிக் காட்டினார்கள். நிகெதே என்றால் தப்பி ஓடு. அந்த இரண்டு சொற்களுக்கும் சேர்த்து ஆறே எழுத்துகள்தாம். பயண வகுப்பின் முதல் நாளில், வணக்கம் சொல்வதைக் கற்பிப்பதற்கும் முன்பாக, அந்த ஆறு எழுத்துகளைத்தான் இப்போது கரும்பலகையில் எழுதுகிறேன்.