பென்டியத்தை நிறுத்திய நான்கு பைட்டுகள்

காரைக்குடியில் கணினி அறிவியல் படிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் லேபில் எல்லோருக்கும் ஒரே லினக்ஸ் சர்வர்தான். ஒரு மாணவர் ஏதோ நிரலை ஓட்டியதும் எல்லார் திரையும் நின்றுவிட்டது. அட்மின் கடவுச்சொல் இல்லாதவரால் இது எப்படி முடிகிறது?"

இதில் எதையும் திருடுவதில்லை, அழிப்பதுமில்லை. மற்றவர்களுக்குக் கிடைக்க வேண்டிய சேவையை உள்ளே இருந்தே மறிப்பதுதான் வேலை. ஃபயர்வால் இருந்தும் பயனில்லை. அவர் முறைப்படி லாகின் செய்தவர்.

அங்கே நடந்தது பெரும்பாலும் ஃபோர்க் பாம். ஃபோர்க் என்ற அழைப்பு, ஓடும் புராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் படியெடுத்து இன்னொன்றை உண்டாக்கும். ஒன்று இரண்டாகப் பெருகிக்கொண்டே போனால் 15 சுற்றில் 32,768. லினக்ஸில் நெடுங்காலம் இருந்த பிஐடி (புராசஸ் எண்) வரம்பு அதுவே. அதன்பின் கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளை கூட ஓடாது. ஒவ்வொன்றாகக் கொன்றாலும் காலியான இடத்தை அடுத்தது பிடித்துக்கொள்ளும். ஆகவே, ஏற்கெனவே திறந்திருக்கும் ரூட் ஷெல்லிலிருந்து (அட்மினின் கட்டளைத் திரை) முதலில் எல்லாவற்றுக்கும் ஸ்டாப் சிக்னல், பிறகு கில் சிக்னல். நின்றுபோன புராசஸ் இடத்தையும் விடாது, பெருகவும் செய்யாது.

செட்டிநாட்டு வீடுகளில் ஒரே கூரையின் கீழ் பல புள்ளிகள் (கல்யாணமானவர்களின் தனிக் குடும்பங்கள்) இருப்பார்கள். கல்யாணமான மகனை வேறு வைத்து, அவருக்கென அளந்து கொடுப்பதை வைத்துத் தனியே சமைக்க விடுவது நகரத்தார் வழக்கம். ஒரு புள்ளியின் செலவு கூடினால் அடுத்த புள்ளியின் அரிசி குறையாது. ஒரு பயனர் எத்தனை புராசஸ் ஓட்டலாம் என்று லிமிட்ஸ் கோப்பில் சொல்லும் 'என்ப்ராக்' வரம்பு செய்வதும் இதுவே. டெர்மினல் மட்டும் பயன்படும் லேபில் ஆளுக்கு 200 போதும். ஒரு புராசஸுக்குள் இணையாக ஓடும் த்ரெட்டுகளும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால், பிரவுசரும் ஜாவாவும் திறக்கும் லேபில் 200 போதாது. மாற்றிய வரம்பு அடுத்த லாகினில்தான் நடைமுறைக்கு வரும். 'ஸ்டூடன்ட்' என்று எல்லோருக்கும் பொதுவான ஒரே பயனர் பெயர் இருந்தால் வரம்பும் பொது. ஒருவர் அதை நிரப்பினால் மற்ற எல்லாரும் வெளியேதான்.

எந்த வரம்பும் காப்பாற்றாத இன்னொரு வகை உண்டு. 1997 நவம்பரில் வெளிப்பட்ட, இன்டெல்லின் பென்டியம் சிபியூவில் இருந்த பிழை அதில் எனக்கு மிகப் பிடித்தது. எஃப்0, 0எஃப், சி7, சி8 என்ற நான்கு பைட்டுகளை எந்தச் சாதாரணப் பயனர் ஓட்டினாலும் சிபியூ உறைந்துவிடும். ரீசெட் பொத்தானைத் தவிர வழியில்லை.

முதல் பைட் 'லாக்': படித்து எழுதி முடிக்கும்வரை நினைவகத்தை வேறு யாரும் தொடக்கூடாது. அடுத்த இரண்டும் நினைவகத்திலுள்ள எட்டு பைட் மதிப்பை ஒப்பிட்டு மாற்றச் சொல்கின்றன. கடைசி பைட்டோ நினைவகத்துக்குப் பதில் ரெஜிஸ்டரை, அதாவது சிபியூவுக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடத்தைக் காட்டுகிறது. செல்லாத கட்டளை. சிபியூ 6ஆம் எண் விதிவிலக்கை (இயங்குதளத்துக்குப் பிழையைச் சொல்லும் அறிவிப்பு) எழுப்ப வேண்டும். இயங்குதளம் அந்த நிரலை மூடிவிடும். எங்கே தாவுவது என்று அறிய, விதிவிலக்கு அட்டவணையின் 6ஆம் பதிவை சிபியூ படிக்கப் போகிறது. ஆனால் லாக் இன்னும் விடப்படவில்லை. லாக்கோடு படித்தால் அடுத்து லாக்கோடு எழுத வேண்டும் என்பது விதி, எழுதுவதற்கு எதுவுமில்லை. வராத அந்த எழுதுதலுக்காகச் சில்லு காத்தே கிடக்கிறது.

விற்றுப்போன சில்லைத் திருத்த முடியாது. இன்டெல் சொன்ன மாற்று வழி எனக்கு இன்றும் வியப்பு. அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் 8 பைட். 0 முதல் 6 வரையான ஏழு பதிவுகள், அதாவது 56 பைட், ஒரு 4,096 பைட் பக்கத்தின் கடைசியில் விழும்படி அட்டவணையை நகர்த்துங்கள். மீதி அடுத்த பக்கத்தில். முதல் பக்கத்தை 'நினைவகத்தில் இல்லை' என்று குறித்துவிடுங்கள். இப்போது சிபியூ 6ஆம் பதிவைத் தேடியவுடன் பக்கப் பிழை, அதாவது 14ஆம் விதிவிலக்கு எழும். அதன் பதிவு இரண்டாம் பக்கத்தில் பத்திரமாக இருப்பதால் உறைவதற்கு முன்பே தப்பிவிடலாம். பிழை எழுந்த முகவரி 6ஆம் பதிவுடையதா என்று இயங்குதளம் பார்த்து, நிரலை மூடும். விலை: சுழியால் வகுத்தல் போன்ற மற்ற ஆறும் இதே சுற்றுவழியில் வர வேண்டும்.

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைக் கொண்டுவந்த ஊர் காரைக்குடி. இயங்குதளத்தின் உள்ளே புகுந்து பார்க்கும் ஆய்வுக்கும் அப்படி நிதி வர வேண்டும். சர்வர் நின்றால் 'வைரஸ்' என்று ஃபார்மட் செய்வது காரணத்தையும் சேர்த்து அழிப்பது. முதலில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதிவைத்த பதிவான லாகைப் படியுங்கள். கெர்னல் அப்டேட் போட்டபின் ரீபூட் செய்யாவிட்டால் ஓடுவது பழைய கெர்னலே. 'யூநேம்' கட்டளை அதைக் காட்டிவிடும்.