ஸ்கிரீன் ரீடர் திரையைப் பார்ப்பதே இல்லை

"பார்வையற்ற என் தங்கை கல்லூரியில் சேரப்போகிறாள். ஸ்கிரீன் ரீடர் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டுமென்றால் லேப்டாப்பில் எத்தனை ஜிபி கிராபிக்ஸ் கார்டு இருக்க வேண்டும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஸ்கிரீன் ரீடர் என்பது கணினியில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள். அதற்குத் தனியாக கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். கொஞ்சம் பார்வை இருந்து, எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர் என்றால் திரையின் தரம் முக்கியம். மற்றபடி அந்தப் பணத்தை வேறு இடத்தில் செலவழிக்கலாம்.

காரணம், படத்திலிருக்கும் எழுத்தைக் கண்டறியச் சொன்னால் தவிர, ஸ்கிரீன் ரீடர் திரையைப் பார்ப்பதில்லை. நாம் காணும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் இணையாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு மரவடிவப் பட்டியலை மென்பொருள் வைத்திருக்கிறது. ஜன்னல்தான் வேர், மெனுக்களும் பெட்டிகளும் கிளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வகை, ஒரு நிலை: 'அனுப்பு', பொத்தான், இப்போது அழுத்தலாம். இந்த விவரங்களைக் கேட்டு வாங்குவதற்கான வழியை மைக்ரோசாஃப்ட் 1997-இல் விண்டோஸுக்குக் கொண்டுவந்தது. மேக்குக்கும் லினக்ஸுக்கும் அவற்றுக்கே உரிய வழிகள் உண்டு.

இனி டேப் விசையை ஒருமுறை அழுத்துவோம். அடுத்த பொத்தானுக்கு நகர்ந்த மென்பொருள், "கவனம் இங்கே வந்துவிட்டது" என்று ஒரு செய்தி அனுப்புகிறது. உன் பெயர் என்ன, நீ என்ன வகை, என்ன நிலையில் இருக்கிறாய் என்று ஸ்கிரீன் ரீடர் கேட்கிறது. வந்த பதில்களைக் கோத்து ஒரு தொடராக்கி, குரல் தயாரிக்கும் நிரலிடம் கொடுக்கிறது. அது ஒலியைக் கணக்கிட்டு சவுண்டு சிப்புக்கு அனுப்ப, காதில் சத்தம் விழுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பேசும் பகுதி அல்ல, பேச்சை நிறுத்தும் பகுதி. பழகியவர்கள் எதையும் முழுதாகக் கேட்பதில்லை. கோப்புகள் நிறைந்த பட்டியலில் கீழ் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போவார்கள். 'அறி' என்று காதில் விழுந்ததுமே அது தேடும் கோப்பு இல்லை என்று தெரிந்து, அடுத்த தட்டு. ஒவ்வொரு தட்டிலும், ஏற்கெனவே கணக்கிட்டு வரிசையில் நிற்கும் ஒலி முழுவதையும் ஸ்கிரீன் ரீடர் தூக்கி எறிந்துவிட்டு, புதிய பெயரின் முதல் அசையை உடனே தொடங்க வேண்டும். பார்ப்பவர் கண்ணை ஓட்டுவதற்கு ஈடான வேலை இது. இங்கே தாமதம் சேர்ந்தால், தட்டுகிற விரல் ஓரிடத்திலும் கேட்கிற காது வேறோரிடத்திலும் நிற்கும்.

இதனால்தான் ஈஸ்பீக் போன்ற 'ரோபோ' குரலைப் பலர் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். அது பெரும்பாலும் மனிதர் பேசிய பதிவைத் துண்டாக்கி ஒட்டுவதில்லை. தொண்டையும் வாயும் உயிரொலிகளுக்குத் தரும் ஒத்ததிர்வு அலைவெண்களைக் கணக்கிட்டே ஒலியை உண்டாக்குகிறது. கணக்கு சிறியது என்பதால் சட்டென்று தொடங்குகிறது. பல மடங்கு வேகமாக ஓடவிட்டாலும் சொற்கள் குழைவதில்லை. தமிழும் பேசும். செயற்கை நுண்ணறிவின் இனிய குரல்கள் கதை கேட்க அருமை. ஆனால் கோப்புப் பட்டியலில் ஓடுவதற்கு அவற்றில் பல தோதுப்படுவதில்லை.

பிராசஸருக்கு வருவோம். மேலே சொன்ன கேள்வி-பதில்கள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை. எனவே கோர்களின் (பிராசஸருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளின்) எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகமே உதவும். வலைப்பக்கங்களில் இது நன்றாகத் தெரியும். என்விடிஏ என்னும் ஸ்கிரீன் ரீடர் முழுப் பக்கத்துக்கும் ஒரு நகலை முதலில் தயாரித்துக்கொள்கிறது. ஹெச் விசை தலைப்புகளுக்கும் கே விசை இணைப்புகளுக்கும் தாவுவது இந்த நகலில்தான். விளம்பரம் மண்டிய பக்கம் என்றால் மலிவான பிராசஸர் இங்கே மூச்சு வாங்கும். ரேம் 16 ஜிபி, எஸ்எஸ்டி இருந்தால் போதும்.

கடைக்காரர் சொல்லாத விஷயம் சவுண்டு சிப்பின் தூக்கம். மின்சாரத்தை மிச்சப்படுத்த, சத்தம் இல்லாத நேரத்தில் பல லேப்டாப்புகள் அதை அணைத்து வைக்கின்றன. அடுத்த பேச்சு வரும்போது அது கொட்டாவி விட்டு எழுவதற்குள் முதல் அசை போய்விடும். ஆங்கிலத்தில் என்விடிஏ பயன்படுத்துபவர் ஒரு பெட்டியில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் அது 'நாட் செக்டு' (டிக் இல்லை) என்னும். 'நாட்' விழுங்கப்பட்டால் காதில் விழுவது நேர் எதிர்ப்பொருள். ஒலிக்கருவியைச் சற்று நேரம் விழித்திருக்க வைக்கும் அமைப்பு என்விடிஏவிலேயே இருக்கிறது. புளூடூத் ஹெட்போனிலோ தூக்கத்தோடு தாமதமும் சேரும், நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ. ஒயர் ஹெட்போன் செருகும் துளை இல்லாத மாடலைத் தவிர்த்துவிடுங்கள்.

கீபோர்டில் எண்தளம் இருந்தால் நல்லது. ஸ்கிரீன் ரீடருக்குக் கட்டளையிட உதவும் இன்செர்ட் விசை எட்டாத இடத்தில் இருந்தால் கேப்ஸ் லாக்கை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். எஃப், ஜே மேடுகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தொட்டால் மட்டும் இயங்கும் தட்டையான விசைகள் கூடவே கூடாது.

மென்பொருளைப் பொறுத்தவரை, பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்விடிஏ இலவசம். இன்றும் நன்கொடைகளை நம்பியே அது வளர்கிறது. பார்வையற்றோருக்கென்று பேசும் மூக்குக்கண்ணாடி செய்துகாட்டினால் பரிசும் நிதியும் கிடைக்கின்றன. இருக்கிற செயலிகளில் பெயரில்லாப் பொத்தான்களுக்குப் பெயரிடும் வேலைக்கு நிதி கேட்டால் கொட்டாவிதான் பதில் என்பது என் வருத்தம். முன்பு சொன்ன மரவடிவப் பட்டியலில் பெயர் எழுதப்படாத பொத்தானை எந்த விலையுயர்ந்த கணினியாலும் 'பொத்தான்' என்றுதான் சொல்ல முடியும்.

வாங்கும் முன் தங்கையையும் கடைக்கு அழைத்துப் போங்கள். விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸோடு வரும் நேரேட்டர் பேசத் தொடங்கும். கடைக்காரர் அனுமதித்தால், பென் டிரைவில் கொண்டுபோன என்விடிஏவையும் நிறுவாமலே ஓட்டலாம். பெரிய ஃபோல்டர் ஒன்றைத் திறந்து அம்புக்குறியை வேகமாகத் தட்டட்டும். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஒரு தட்டு, முதல் அசை முழுதாகக் கேட்கிறதா? ஒன்று மட்டும் எந்த மாடலை வாங்கினாலும் பெரும்பாலும் மாறாது: விண்டோஸ் எழும் முன் வரும் பயாஸ் திரையில் ஸ்கிரீன் ரீடர் பேசாது. அங்கே மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் வாங்கிய அன்றே பார்வையுள்ள ஒருவரை வைத்து முடித்துவிடுங்கள்.