புகைச் சான்றிதழில் உள்ள இரண்டு எண்கள்

வண்டியை முதன்முதலாகப் பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டு வரை புகைச் சான்றிதழ் தேவையில்லை. அதன்பின் கையில் இருந்தே ஆக வேண்டும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115ஆவது விதி சொல்வது இது. பிஎஸ் 4, பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரங்கள்) வண்டிகளுக்கு ஒரு முறை எடுத்தால் ஓராண்டு செல்லும். அதற்கும் பழைய வண்டிகளுக்கு ஆறே மாதம்தான். மின்சார வண்டிகளுக்கு இது வேண்டாம்.

பெரும்பாலானோர் இதைப் போலீஸிடம் காட்டும் தாளாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. நம் வண்டி ஊர்க் காற்றில் எதைக் கலக்கிறது என்று எண்ணோடு சொல்லும் தாள் நமக்கு வேறு கிடையாது.

பெட்ரோல் வண்டிக்கு இரண்டு எண்கள் பார்ப்பார்கள். ஒன்று கார்பன் மோனாக்சைடு, சதவீதத்தில். இன்னொன்று ஹைட்ரோகார்பன், அதாவது எரியாமல் வெளியேறும் பெட்ரோல், பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று. பிஎஸ் 4 பெட்ரோல் காருக்கு வரம்பு 0.3 சதவீதம், 200 பிபிஎம். 2000க்குப் பிறகு வந்த பழைய நான்கு ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிக்கோ 3.5 சதவீதம், 4500 பிபிஎம் வரை விட்டிருக்கிறார்கள். எவ்வளவு தாராளம் பாருங்கள்! அதனால் பழைய ஸ்கூட்டர் ‘பாஸ்’ ஆகிவிட்டது என்பதோடு நிம்மதி அடைய முடியாது.

எங்கள் வீட்டுப் பழைய ஸ்கூட்டருக்கு ஒருமுறை கார்பன் மோனாக்சைடு 3.1 சதவீதம் என்று வந்தது. பாஸ்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை; மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஏர் ஃபில்டரைக் கழற்றினார். தூசி அடைத்து, கறுத்த பஞ்சு மாதிரி இருந்தது. காற்று போதாமல் பெட்ரோல் அரைகுறையாக எரிந்திருக்கிறது. ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டரை டியூன் செய்தபின் மறுபடி பார்த்தால் 1.2. ஹைட்ரோகார்பன் எண் ஏறியிருந்தால் முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பரிசோதனை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். இன்ஜின் சூடாகி, ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல், ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கருவியின் குழாய் சைலன்சருக்குள் நன்றாகப் போக வேண்டும். நம்பர் பிளேட்டைப் படம் பிடித்ததுமே தாளை நீட்டும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். “குழாயை வைத்து எடுங்கள் அண்ணா” என்று கேட்டு வாங்குங்கள். வண்டி தேறவில்லை என்றால் காரணத்தோடு நிராகரிப்புச் சீட்டு தர வேண்டும் என்பது 2021இல் வந்த விதி. அது கிடைத்தால் நல்லது, மெக்கானிக்கிடம் நேரே அதையே காட்டலாம்.

சரி, அபராதம்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் தகுதியிழப்பு. இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் புகைச் சான்றிதழ் கட்டாயம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் போட்ட நிபந்தனையை, 2024 ஜூலையில் அந்த நீதிமன்றமே எடுத்துவிட்டது. அதை வைத்துச் சான்றிதழே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள், தவறு. 115ஆவது விதி அப்படியேதான் இருக்கிறது.

சான்றிதழை டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டினாலும் செல்லும். ஆனாலும் பழைய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை வரும் எண்ணைப் போன முறை எண்ணோடு வைத்துப் பார்க்க அது வேண்டும்.